பழனிக்கு நடந்த வழியில் தண்ணீரும் கழிப்பறையும்

பழனிக்கு நடக்கப் போகிறேன் என்று சொன்னதும் எனக்கு வந்த யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி படுக்கும்போது பாதத்தில் விளக்கெண்ணெய் தடவு, பையில் பாரம் ஏற்றாதே, வெயில் ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடு, மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான். எல்லாம் பயன்பட்ட யோசனைகள்தான். ஆனால் சொந்தத்திலும் தெருவிலும் நடந்துவிட்டு வந்த பெண்கள் அத்தனை பேரிடம் கேட்டும், "வழியில் ஒதுங்குவதற்கு என்ன செய்வாய்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போகிற பேச்சில் அதை எடுக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை குளிர்காய்ச்சலும், 7,600 ரூபாய் செலவும், தைப்பூசத்தன்று பழனியில் நிற்க முடியாமல் போனதும். இந்தத் தையில் கிளம்பும் பெண்கள் யாராவது படித்தால் அவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது வேண்டிக்கொண்டது. குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி என்று போகும் பாதை. நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழி இது. மொத்தம் 150 கிலோமீட்டருக்கு மேல். கூட வருவதாக இருந்த நாத்தனாருக்கு, கிளம்பும் வாரத்தில் மகளின் பிரசவம் முந்திக்கொண்டது. வேண்டுதலைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. "வழியெல்லாம் ஜனம்தானே, ஏதாவது ஒரு குழுவுக்குப் பின்னாலேயே போய்க்கொள்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பச்சைச் சேலையும் தோளில் ஒரு துணிப்பையுமாகக் கிளம்பிவிட்டேன்.

குழுவுக்குப் பின்னால் போவதற்கும் குழுவில் போவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் ராத்திரியே தெரிந்தது. குழுவோடு ஒரு லாரி வரும். அதில் தண்ணீர்த் தொட்டி, சமையல் சாமான், மாற்றுத்துணி எல்லாம் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், குழுவின் பெண்கள் ஒதுங்கப் போனால் நாலைந்து பேராகச் சேர்ந்து போவார்கள். ஒருத்தி டார்ச் பிடிப்பாள், ஒருத்தி ரோட்டைப் பார்த்து நிற்பாள், ஒருத்தி சேலையை மறைப்பாகப் பிடிப்பாள். தனியாகப் போனவளுக்கு அது கிடையாது. அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரென்றே தெரியாதவர்களிடம் போய் "நானும் வரட்டுமா" என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் நாளே, முதல் சாப்பாட்டுப் பந்தியிலேயே, உங்கள் வயதை ஒட்டிய ஒரு பெண்ணிடம் ஊர் பேர் சொல்லிப் பேசிவிடுங்கள். "ஒதுங்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கக்கா" என்று நேராகவே கேளுங்கள். யாரும் மறுப்பதில்லை. பாதிப் பாதை கடந்த பிறகுதான் நான் கேட்டேன். கேட்ட உடனே சரி என்றார்கள்.

நடை பெரும்பாலும் இருட்டில்தான். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுந்து நடந்தால் ஒன்பது பத்து மணிக்குள் ஒரு மண்டபத்திலோ தோப்பிலோ உட்காரலாம். மறுபடி மாலை நாலு மணிக்குக் கிளம்பி ராத்திரி வரை நடை. திருப்பத்தூர் தாண்டிச் சிங்கம்புணரி வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் கண்மாய்ப் பாசன வயல்கள். தையில் சம்பா அறுப்பு நடக்கும். பொழுது விடியும் நேரத்தில் வயல்மேல் பனி இறங்கியிருக்க, அறுப்பு மெஷின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்க, வைக்கோல் வாசனையோடு நடந்த அந்தக் காலைகளுக்காக இன்னொரு முறையும் போவேன். வீட்டுக்கவலை, ஆஸ்பத்திரி நினைவு எதுவும் அந்த நேரத்தில் இல்லை. வாய்விட்டு அழுதேன்கூட. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் அழுதுகொண்டு நடப்பவர்களைப் புதிதாகப் பார்ப்பதில்லை.

பாதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டியிருந்தேன். காலை நேரத்தில் தார் ரோடு சில்லென்று இருக்கும். பதினோரு மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. நேரம் தவறி வெயிலில் மாட்டிக்கொண்டால் ரோட்டோரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே நடங்கள், கறுப்புத் தாரைவிடச் சூடு குறைவு. சாலையோர மண்ணில் இறங்கினால் நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் காத்திருக்கும். முள் எடுக்க ஒரு நல்ல இடுக்கி அவசியம், ஊக்கால் நோண்டிப் புண்ணாக்கிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தேன். கனமான காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் ஏராளம், விரதத்துக்கு அதில் குறையில்லை என்று பெரியவர்களே சொல்கிறார்கள். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள். ஊசி நூல் கோத்து உடைத்துவிட வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுவித் துடைத்து, மேலே துணிக்கட்டு போட்டுக்கொண்டு நடந்தால் போதும். எனக்குக் கால் ஒரு பிரச்சினையாகவே இல்லை.

பிரச்சினை தண்ணீரில் தொடங்கியது. வயல்வெளி என்றால் ஒதுங்க இடமா இல்லை என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். அறுத்த வயலில் மறைவே கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. தாள் காலைக் குத்தும். அறுக்காத வயலில் கதிரை மிதிக்க மனம் வராது, பாம்பு பயம் வேறு. மறைவு உள்ள இடமெல்லாம் கருவேலங்காடு, அதற்குள் ஆண்கள் ஏற்கெனவே போயிருப்பார்கள். இருட்டோடு இருட்டாக முடித்துக்கொண்டால் உண்டு, விடிந்துவிட்டால் மறுபடி இருட்டும் வரை இல்லை. அதனால் என்ன செய்கிறோம் என்றால், தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். நான் மட்டும் இல்லை, என்னோடு நடந்த பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான். வழியெல்லாம் மோர், பானகம், சுக்குமல்லிக் காப்பி என்று வாளி வாளியாக வைத்துக்கொண்டு கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை நைசாகக் கீழே ஊற்றிவிட்டு நடக்கிறோம். கொட்டாம்பட்டியில் திருச்சி மதுரை நாற்கரச் சாலையைக் கடக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. இருட்டில் வேகமாக வரும் லாரிகளுக்கு நடுவில் அந்தச் சாலையைத் தெளிவான தலையோடு கடப்பதே கஷ்டம். தூக்கக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

நத்தம் வந்ததும் நிலம் மாறிவிடும். ஒரு பக்கம் கரந்தமலை, போகப்போக இன்னொரு பக்கம் சிறுமலை, நடுவில் மாந்தோப்புகளும் புளியமரங்களும். தையில் மா பூத்துக் குலுங்கும். பார்க்க அழகுதான், ஆனால் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். மெஷின் சத்தம் கேட்டால் அந்தத் தோப்பு நிழலில் உட்காராதீர்கள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாலையைக் கடந்துவிடுங்கள். மருந்தடித்த தோப்பில் தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவவும் வேண்டாம்.

அந்த மாந்தோப்புகளுக்கு இடையில்தான் எனக்கு எரிச்சல் ஆரம்பித்தது. சிறுநீர் வருவதுபோல அடிக்கடி தோன்றும், போனால் நாலு சொட்டு, அதுவும் நெருப்பாக எரியும். நீர்க்கடுப்பு, சூடு என்று நினைத்தேன். கோபால்பட்டிக்கு முன்னால் ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். என் வயது இருக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "உள்ள வா தாயி. கக்கூஸ் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால இருக்கு. தாழ்ப்பாள் இருக்கு, பயப்படாத" என்றார். ஒரு சொம்பு வெந்தய மோரும் கொடுத்தார். கதவு உள்ள ஓர் அறை, ஒரு வாளி தண்ணீர், ஒரு தாழ்ப்பாள். அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய கருணை எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் அதற்குள் நேரம் தாண்டிவிட்டது. சாணார்பட்டி சேருவதற்குள் பல் கிடுகிடுவென்று குளிர்காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கமாக வலி. மருத்துவ முகாம் எங்கே என்று விசாரிக்கும் நிதானம்கூட இல்லை. ஆட்டோ பிடித்தேன், திண்டுக்கல்லுக்கு 600 ரூபாய் வாங்கினார். ஒரு தனியார் கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனை, குளுக்கோஸ், ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். தொற்று சிறுநீரகம் வரை போகத் தொடங்கியிருக்கிறது, நடக்கக்கூடாது, படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தைப்பூசக் கூட்டத்தில் அறை கிடைப்பதே அரிது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில், சாதாரண நாளில் எழுநூறு எண்ணூறுக்கு விடும் அறைக்கு ஒரு நாளைக்கு 1,800 கேட்டார்கள். கொடுத்துத்தான் தங்கினேன், அந்த வகையில் 3,600 போயிற்று.

அந்த அறையில் படுத்திருந்ததுதான் மொத்தப் பயணத்திலும் மோசமான நேரம். ஜன்னலுக்கு வெளியே "அரோகரா" சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. கணவரிடம் போனில் "நல்லா இருக்கேன், ஒரு ஓய்வுக்காகத் தங்கியிருக்கேன்" என்று சொன்னேன். அவர் இருதயத்துக்காக நடக்க வந்துவிட்டு அவரைப் பயமுறுத்த முடியுமா? வேண்டுதல் உடைந்துவிட்டது, ஆட்டோவில் ஏறிவிட்டேன், சாமி ஏற்றுக்கொள்ள மாட்டார் என்றெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

உடம்பு விஷயத்தில் அந்த மருத்துவரிடமும், ஊர் வந்தபிறகு எங்கள் டாக்டரம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெண்களுக்குச் சிறுநீர்ப்பாதை நீளம் குறைவு, அதனால் கிருமி எளிதாக ஏறிவிடுகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்து, வருவதையும் அடக்கி வைத்தால் கிருமி வெளியேற வழியில்லாமல் பெருகும். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், கரும்மஞ்சளாகப் போனால் உடம்பு வற்றுகிறது என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சில எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், அரை லிட்டரில் கெட்டியாகக் கலக்கக்கூடாது. எரிச்சல் தொடங்கிய அன்றே முகாமிலோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டிவிடுங்கள், இலவசம். குளிர்காய்ச்சலோ முதுகுவலியோ வாந்தியோ வந்துவிட்டால் ஓர் அடிகூட நடக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கொடுத்த மாத்திரையை எரிச்சல் நின்றதும் நிறுத்தாமல் முழுவதும் சாப்பிட வேண்டும்.

காய்ச்சல் விட்டு, டாக்டர் சரி என்ற பிறகு, பேருந்தில் சாணார்பட்டிக்கே திரும்பிப் போய் ஆட்டோ ஏறிய இடத்திலிருந்து நடந்தேன். அப்படிச் செய்யத் தேவையில்லை என்று பலர் சொன்னார்கள். எனக்குத் தேவையாக இருந்தது. இந்த முறை மெதுவாக, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாமல். கிளம்புவதற்கு முன் போனில் மேப்பைத் திறந்து வழியில் உள்ள பெட்ரோல் பங்குகளை எல்லாம் குறித்துவைத்தேன். பங்கில் பெட்ரோல் போடாதவர்களும் கழிவறையையும் குடிதண்ணீரையும் இலவசமாகப் பயன்படுத்தலாம், அது விதி. பூட்டியிருந்தால் சாவி கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே உள்ள 60 கிலோமீட்டர் சொச்சத்தில் பங்குகளும் கல்யாண மண்டபங்களும் ஓரளவு இருக்கின்றன. மண்டபத்துக் காவலாளியிடம் இருபது ரூபாய் கொடுத்தாலும் திறந்துவிடுவார். பங்கே இல்லாத தூரத்துக்கு ஒரு கறுப்புக் குடை போதும். விரித்துப் பிடித்தால் அதுவே மறைப்பு, வெயிலுக்கும் ஆகும். அடிப்பாவாடை ஈரமானால் தொடை உரசிப் புண்ணாகும், அதனால் உள்ளே முழங்கால் வரை காட்டன் டைட்ஸ் போட்டுக்கொண்டு, தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே கட்டினால் பனியில் நனையாது.

இன்னொன்றும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். நடைக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைப் பல பெண்கள் மருந்துக் கடையில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதை எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும், தாமதித்தால் பலன் இல்லை. ரத்தம் உறையும் கோளாறு, ஈரல் கோளாறு இருந்தவர்களுக்கு ஆகாது. டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் நடைவலி என்று விட்டுவிடவும் கூடாது.

ஒட்டன்சத்திரத்துப் பக்கம் தக்காளியும் முருங்கையும், ஆயக்குடியில் கொய்யாத் தோப்புகள். ஆனால் அதற்குள் பூசம் முடிந்துவிட்டிருந்தது. பூசம் முடிந்த மறுநாளே அன்னதானப் பந்தல்களைப் பிரித்துவிடுகிறார்கள், மருத்துவ முகாம், தற்காலிக விளக்கு எல்லாம் போய்விடும். முந்தைய வாரம் இரண்டு எட்டுக்கு ஒரு பந்தல் இருந்த சாலையில் நான் சாப்பாட்டுக்குக் கடை தேடி நடந்தேன். எடப்பாடிக் காவடிக் கூட்டம் போலப் பூசத்துக்குப் பிறகு வருகிறவர்கள் தங்கள் ஏற்பாட்டோடு வருகிறார்கள். தனியாகப் பிந்தி வருகிறவர்கள் சாப்பாட்டுக்கும் தங்கவும் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நடப்பதாக இருந்தால் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். நடைபாதைக்குப் போட்ட கல் சில இடங்களில் புதர் மண்டிக் கிடக்கிறது, ரோட்டில்தான் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

சண்முகநதியில் பெண்கள் உடை மாற்றுவது சிரமம், நைட்டி ஒன்று பையில் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே குளித்து மாற்றிவிடலாம். மலைமேல் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்குத் தடை, கீழேயே கட்டணம் கட்டி வைத்துவிட வேண்டும். முக்கியமான நம்பர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நுழைந்துவிட்டால் மணிக்கணக்கில் வெளியே வர முடியாது, அடிவாரத்திலேயே கழிவறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். நான் யானைப்பாதையில் ஏறினேன், படிக்கட்டைவிட அது முழங்காலுக்குச் சுகம். ராஜ அலங்காரத்தில் தண்டாயுதபாணியைப் பார்த்தபோது தேரைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இருக்கிறது. ஆனால் அவர் முன்னால் நின்று கணவர் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன், அதற்குத்தான் வந்தேன்.

கடைசியாக, வழியில் அன்னதானம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் போட்ட சோற்றில்தான் அத்தனை பேரும் நடக்கிறோம், அந்தக் கைகளைக் கும்பிடுகிறேன். பொங்கலும் சாம்பார் சாதமும் இப்போது போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது, வாழையிலையோடு வயலோரத்தில் கொட்டிக் கிடப்பதையும் பார்த்தேன். அடுத்த தைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்து, அந்தப் பணத்தில் பந்தலுக்குப் பின்னால் பெண்களுக்கு மட்டும் தகரம் அடைத்த இரண்டு கழிப்பறை வாடகைக்கு வையுங்கள். தண்ணீர் டிரம், ஒரு மக்கு, உள்ளே தாழ்ப்பாள், வாசலில் ஒரு பல்பு, பக்கத்தில் உட்கார ஒரு பெண். "பெண்கள் கழிப்பறை" என்று ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி பெரிதாக எழுதி வையுங்கள், யாரையும் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. நத்தத்துக்கும் சாணார்பட்டிக்கும் நடுவில் யாராவது இதைச் செய்வதாக இருந்தால், அந்த டிரம்மை நிரப்புகிற வேலைக்கு நான் வருகிறேன்.